தைராய்டு மாத்திரை புற்றுநோயை வளர்க்குமா?

கேள்வி: எனக்கு வயது 52, எடை 62 கிலோ. மூன்று ஆண்டுகளுக்கு முன் பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லி முழுச் சுரப்பியையும் எடுத்தார்கள். கட்டி 2.6 செ.மீ. இருந்தது, கழுத்து நெறிகளில் இரண்டுக்குப் பரவியிருந்தது. ரேடியோ அயோடின் ஒருமுறை கொடுத்தார்கள். அதிலிருந்து தினமும் தைராக்ஸின் 125 மைக்ரோகிராம், கூடவே கால்சியம் மாத்திரை. கடைசி ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் 0.08 என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது, தைரோகுளோபுலின் 0.1-க்கும் கீழே. கழுத்து ஸ்கேனில் எதுவும் இல்லை. சில மாதங்களாகப் படபடப்பு இருக்கிறது. முடி கொட்டுவதால் பயோட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன்.

என் அக்காவுக்கு 58 வயது. பதினைந்து வருடமாகத் தைராய்டு குறைபாட்டுக்கு 75 மைக்ரோகிராம் எடுக்கிறார். இப்போது மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, டாக்சோருபிசின் நான்கு முறை ஏற்றி, இப்போது வாராவாரம் பாக்லிடாக்செல் போகிறது. பிறகு லெட்ரோசோல் மாத்திரை என்று சொல்லியிருக்கிறார்கள். ‘தைராய்டு ஹார்மோன் புற்றுநோய்க்கு உரம்’ என்று ஒரு வீடியோ பார்த்து, பயந்துபோய் இருவருமே மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டோம். அக்காவுக்கு மலச்சிக்கல், கால் வீக்கம், எந்நேரமும் தூக்கம். நாங்கள் செய்தது சரியா?

பதில்:

நிறுத்தியது சரியில்லை. நீங்கள் நாளைக் காலையிலிருந்தே பழைய அளவான 125-ஐ மறுபடி ஆரம்பியுங்கள், உங்கள் தைராய்டு டாக்டருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். அக்கா, கீமோ பார்க்கும் டாக்டரிடம் நாளையே பேசிவிட்டு ஆரம்பிக்கட்டும். அவர் விஷயத்தில் ஏன் இந்த ஒரு நாள் தாமதம் என்பதைக் கீழே சொல்கிறேன். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துப் போட வேண்டாம். தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்வது பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் தராது. மூன்று வார பாக்கியை அப்படித் தீர்க்க முடியாது, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

முதலில் உங்கள் கதை. சுரப்பியே இல்லாத உங்களுக்கு மாத்திரைதான் ஒரே வழி. மூன்று வாரம் என்றால் மூன்று முறை பாதியாகி, எட்டில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். ரத்தத்தில் தைராக்ஸின் குறைந்ததும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச் ஹார்மோனை ஏற்றிக்கொண்டே போகும். ரேடியோ அயோடின் கொடுப்பதற்கு முன் உங்களை மூன்று நான்கு வாரம் மாத்திரை இல்லாமல் இருக்கச் சொல்லியிருப்பார்களே, அது இதற்காகத்தான். டிஎஸ்எச் 30-க்கு மேல் ஏறினால்தான் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் விழித்துக்கொண்டு அயோடினை வாங்கும். அவற்றின் மேல் இருக்கும் டிஎஸ்எச் ஏற்பிகள் செல்லைத் தூண்டி, அயோடினை உள்ளே இழுக்க வைக்கும், தைராய்டு செல்கள் மட்டுமே தயாரிக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தைச் சுரக்க வைக்கும், பெருகவும் வைக்கும். பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைப் புற்றுநோய் செல்கள் இந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவதில்லை. ஆகவே உங்கள் நோய்க்கு உரம் எது என்று கேட்டால் டிஎஸ்எச்-தான். தைராக்ஸின் மாத்திரை பிட்யூட்டரியிடம் ‘போதும்’ என்று சொல்லி அந்த உரத்தை நிறுத்தி வைக்கிறது. வீடியோவைப் பார்த்து நீங்கள் செய்தது இதற்கு நேர்மாறானது.

மூன்று வாரத்தில் ஏதும் ஆகிவிட்டதோ என்று பதற வேண்டாம். சிகிச்சைக்காகவே வேண்டுமென்று உண்டாக்கும் நிலைதான் இது, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகும். ஆனால் ஒன்று: பயத்தில் இப்போதே லேபுக்கு ஓடி தைரோகுளோபுலின் பார்க்காதீர்கள். மாத்திரை எடுக்கும்போது 0.2 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நல்ல நிலை என்று கொள்கிறோம். டிஎஸ்எச் ஏறிய நிலையில் அதே நல்ல நிலைக்கான எல்லை 1. இப்போது 0.6 என்று ஒரு எண் வந்தால், உங்கள் பழைய 0.1-ஓடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘நோய் திரும்பிவிட்டது’ என்று தூக்கம் கெட்டுப்போகும்.

அந்த 0.1, 0.08 எண்களையே நான் முழுதாக நம்பத் தயாரில்லை. காரணம் பயோட்டின். பல லேப் கருவிகள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் ஒட்டவைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அந்தக் கருவி ஏமாறும். டிஎஸ்எச் இருப்பதைவிடக் குறைவாகவும், ஃப்ரீ டி4 (டி4 என்பது தைராக்ஸின்தான், ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு ஃப்ரீ டி4) இருப்பதைவிடக் கூடுதலாகவும் காட்டும். தைரோகுளோபுலினும் பொய்யாகக் குறைந்து தெரியலாம். 10 மில்லிகிராம் என்பது அன்றாடத் தேவையைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். அன்றாடத் தேவை 30 மைக்ரோகிராம்தான். எல்லாக் கருவியும் இந்த முறையில் இயங்குவதில்லை என்பதால் உங்கள் ரிப்போர்ட் பொய் என்று சொல்லிவிட முடியாது. பரிசோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். முடிக்கான ‘மல்டி வைட்டமின்’ மாத்திரைகளின் அட்டையையும் திருப்பிப் பாருங்கள், அவற்றிலும் இது இருக்கும். (தைராய்டு அளவு ஏறி இறங்குவதே முடி கொட்ட ஒரு காரணம். அதற்கு பயோட்டின் சாப்பிட்டு, அதனால் தைராய்டு ரிப்போர்ட் குழம்பி, மாத்திரை அளவு மாறி, மறுபடி முடி கொட்டுகிற வட்டம் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.)

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து எட்டு வாரம் கழித்து, காலையில் அன்றைய மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள். டிஎஸ்எச், ஃப்ரீ டி4, தைரோகுளோபுலின், அதோடு தைரோகுளோபுலின் எதிர்ப்புப் புரதம், நான்கும் வேண்டும். கடைசியானதை விட்டுவிட்டால் தைரோகுளோபுலின் எண்ணுக்கு மதிப்பில்லை. அந்த எதிர்ப்புப் புரதம் இருந்தால் தைரோகுளோபுலின் குறைவாகவே காட்டும். எப்போதும் பார்க்கும் அதே லேபில் பாருங்கள்.

அதிலும் டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே நிஜமாகவே இருந்தால், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “எனக்கு இவ்வளவு தாழ்த்தி வைப்பது இன்னும் தேவையா?” அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் இதைப் படிப்படியாகப் பிரித்தது. நோய் கண்ணுக்குத் தெரியும்படி மிச்சமிருந்தால் 0.1-க்குக் கீழே. ஸ்கேனில் எதுவும் இல்லாமல் தைரோகுளோபுலின் மட்டும் கூடுதலாக இருந்தால் 0.1 முதல் 0.5 வரை. ஸ்கேன், ரத்தம் இரண்டுமே சுத்தமாக இருந்தால் பெரும்பாலோருக்கு 0.5 முதல் 2 வரை போதும். ஆரம்பத்தில் அதிக ஆபத்துப் பிரிவில் இருந்தவர்களை மட்டும், சுத்தமான பிறகும் ஐந்து ஆண்டு வரை 0.1 முதல் 0.5-க்குள் வைப்பார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஆரம்பத்தில் நடுத்தர ஆபத்து, இப்போது சுத்தம். முதல் வருடம் வைத்த அளவே மூன்றாவது வருடமும் தொடர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கணக்கும் அதையே காட்டுகிறது. சுரப்பி இல்லாதவருக்கு ஈடுகட்ட மட்டும் வேண்டியது கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், உங்கள் எடைக்கு ஏறக்குறைய 100. டிஎஸ்எச்-ஐ அழுத்தி வைக்க வேண்டுமென்றால் கிலோவுக்கு 2-ஐ ஒட்டி வரும். 125 அந்த அழுத்தும் அளவு.

அளவு கூடுதலாக இருந்தால் என்ன கெடும்? உங்கள் படபடப்பு அதில் ஒன்றாக இருக்கலாம். நீண்ட காலம் டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே இருந்தால் இதய மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு கரைகிறது. ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் இதுவரை எடுக்கவில்லை என்றால் அதையும் எடுங்கள். டாக்டர் அளவைக் குறைக்க முடிவு செய்தால் 112 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாற்றலாம். கையில் இருக்கும் 125 பாட்டிலை வைத்தே, வாரத்தில் ஒருநாள் மட்டும் பாதி போடச் சொன்னாலும் சரி. சராசரி 116 வரும். ஒருநாள் முழுதாக விட்டால் 107. தைராக்ஸின் மெதுவாகக் கழிவதால் இந்தக் கணக்கு வேலை செய்கிறது. நீங்களாகவே இதை ஆரம்பிக்காதீர்கள். எட்டு வார ரிப்போர்ட் வரட்டும்.

இனி, அந்த வீடியோவில் சொன்னது. அது முழுக்க இட்டுக்கட்டியது இல்லை. தைராய்டு ஹார்மோன் வழக்கமாக வேலை செய்வது செல்லின் கருவுக்குள்: டி4, டி3 ஆக மாறி, கருவிலுள்ள ஏற்பியோடு சேர்ந்து மரபணுக்களை இயக்கும். 2005-இல் அமெரிக்காவின் ஆல்பனியில் பால் டேவிஸ் குழுவினர் இன்னொரு வாசலைக் காட்டினார்கள். செல்லின் வெளிச்சுவரில் இன்டெக்ரின் ஆல்ஃபா-வி பீட்டா-3 என்ற புரதம் இருக்கிறது. புற்றுநோய் செல்களிலும், புதிதாக ரத்தக் குழாய் முளைக்கும் இடங்களிலும் அது அதிகம். டி4 அதில் நேரடியாக ஒட்டி, செல் பெருகுவதற்கும் புது ரத்தக் குழாய் வளர்வதற்கும் சமிக்ஞை அனுப்புகிறது. ஆய்வகத் தட்டில் மூளைக் கட்டி, மார்பகம், நுரையீரல் என்று பல செல்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். டெட்ராக் என்ற டி4-இன் மாற்று வடிவத்தைக் கொடுத்து அந்த வாசலை அடைத்தும் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கும் முன்பே, 2003-இல், கிளீவ்லாந்தில் ஹெர்க்பெர்க்ஸ் குழுவினர் திரும்பி வந்த தீவிர மூளைக் கட்டி நோயாளிகள் 22 பேருக்கு அதிக அளவு டாமாக்ஸிஃபெனுடன் புரோபைல்தையோயுராசில் கொடுத்துத் தைராய்டு அளவை வேண்டுமென்றே இறக்கினார்கள். அளவு இறங்கியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். வீடியோக்காரர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல அது. தவிர, தைராய்டு அளவு இறங்குவதற்கே பல வாரம் பிடிக்கும். அதுவரை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் இறங்கவும் வாய்ப்பு. ‘இறங்கியதால் வாழ்ந்தார்கள்’ என்பதா, ‘வாழ்ந்ததால் இறங்கியது’ என்பதா என்று அந்தச் சிறு எண்ணிக்கையில் பிரிக்க முடியாது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு சுனிடினிப் எடுப்பவர்களில் தைராய்டு குறைந்தவர்களுக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது என்று வந்த ஆய்வுகளுக்கும் இதே சிக்கல் உண்டு.

எதிர்ப் பக்கமும் இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. தைராய்டு ஹார்மோன் ஏற்பியை 1986-இல் அடையாளம் கண்டதே, கோழிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸின் மரபணு வழியாகத்தான். அந்த வைரஸில் இருப்பது கெட்டுப்போன ஏற்பி, ஹார்மோனுக்குச் செவிசாய்க்காது. நல்ல நிலையில் இருக்கும் பீட்டா வகை ஏற்பி புற்றுநோயை அடக்கும் பக்கம் நிற்கிறது. அதைக் கெடுத்து வளர்த்த எலிகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வருகிறது. இன்னும் பின்னால் போனால், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குச் சினைப்பையை எடுக்கும் சிகிச்சையை 1896-இல் வெளியிட்ட கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், அந்த நோயாளிகளுக்குக் கூடவே தைராய்டு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்.

ஆக, எந்த செல், எந்த ஏற்பி, ரத்தத்தில் எவ்வளவு ஹார்மோன் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. மக்கள்தொகை அளவில் பார்த்தால், 2016-இல் வந்த டென்மார்க் நாடு தழுவிய ஆய்வில் தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடுதல், குறைவாகச் சுரப்பவர்களுக்குச் சற்றுக் குறைவு. அதே ஆண்டு ராட்டர்டாம் ஆய்விலும் ஃப்ரீ டி4 கூடக் கூடப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் ஏறியது. இரண்டிலும் வித்தியாசம் சிறியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், காரணமில்லாமல் கூடுதல் அளவு கொடுக்கக் கூடாது என்பது. எடை குறையவும், சோர்வு போகவும் தைராக்ஸின் எழுதித் தருவதை அந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டும். குறைபாடு உள்ளவருக்கு இயல்பான அளவுவரை ஈடுகட்டுவதை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

உங்கள் அக்கா அந்த இரண்டாவது வகை. இப்போது அவருக்கு இருக்கும் கால் வீக்கத்துக்கு மூன்று காரணங்களை யோசிக்க வேண்டும்: தைராய்டு குறைவு, பாக்லிடாக்செல், டாக்சோருபிசினால் இதயம் தளர்ந்திருப்பது. மூன்றாவதற்காகத்தான் மாத்திரையை ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் பேசச் சொன்னேன். இதயம் தளர்ந்திருந்தால் தைராக்ஸினை ஒரேயடியாக 75 என்று கொடுக்காமல் 25-இல் தொடங்கி ஏற்றுவார்கள். எக்கோ பார்க்கச் சொல்வார்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சை அழுத்துகிறது என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உடம்பு சில்லிட்டு, கூப்பிட்டால் பதில் மந்தமாக வந்து, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனாலும் அப்படியே. கீமோ சமயத்தில் ஒரு தொற்று வந்தால், தைராய்டு குறைந்திருப்பவர் வேகமாக அந்த நிலைக்குப் போகலாம்.

அக்காவுக்கு டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இரண்டையும் அடுத்த பாக்லிடாக்செலுக்கு முன்பே பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம். பாக்லிடாக்செல் ஏற்றுமுன் ஒவ்வாமை வராமலிருக்க டெக்சாமெதசோன் கொடுப்பார்கள். அந்த ஸ்டீராய்டு டிஎஸ்எச்-ஐ அமுக்கிவிடும், நிஜமாகவே குறைபாடு இருந்தாலும் எண் நார்மலுக்கு அருகில் வந்து ஏமாற்றும். ஸ்டீராய்டு உள்ளே போவதற்கு முன் ரத்தம் கொடுக்கட்டும். தைராய்டு குறைந்திருப்பதை ‘கீமோ சோர்வு’ என்று தள்ளிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மலச்சிக்கல், குரல் கம்மல், குளிர் தாங்காமை, முகம் உப்பியது போல் இருப்பது சேர்ந்து வந்தால் தைராய்டையும் சந்தேகப்பட வேண்டும். பிறகு லெட்ரோசோல் தொடங்கும்போது இன்னொரு எச்சரிக்கை: அந்த மருந்தும் எலும்பைக் கரைக்கும். அதனோடு தைராக்ஸினும் மிகையானால் இரட்டை அடி. அக்காவுக்கு டிஎஸ்எச் இயல்பான எல்லைக்குள், 0.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் அளவை மாற்றவோ, அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்கள் பயப்படவோ கூடாது. லெட்ரோசோலுக்குப் பதில் டாமாக்ஸிஃபென் கொடுத்தால், அது ரத்தத்தில் ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டும். தைராக்ஸின் தேவை கொஞ்சம் ஏறலாம், எட்டு வாரத்தில் மறுபடி பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குச் சில மாதம் முதல் சில வருடங்களுக்குள் தைராய்டு குறைவது சகஜம். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்க்க வேண்டும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு ஊசிகளில் தைராய்டு முதலில் கூடி, பிறகு இறங்கிவிடும். கூடியிருக்கும் கட்டத்தைப் பார்த்து மிகைச் சுரப்புக்கான மாத்திரையைக் கொடுத்தால் தவறு. இந்த ஊசி போடுபவர்களுக்கு ஃப்ரீ டி4 குறைந்து, டிஎஸ்எச்-உம் உயராமல் இருந்தால் பிட்யூட்டரியே பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலைப் பார்க்காமல் தைராக்ஸின் தொடங்கக் கூடாது. கார்டிசால் குறைந்திருக்கும்போது தைராக்ஸின் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் டிஎஸ்எச்-ஐ நம்பி வளர்வதில்லை. அவர்களுக்கு டிஎஸ்எச்-ஐத் தாழ்த்தி வைப்பதில் பயன் இல்லை, ஈடுகட்டும் அளவு மட்டும் போதும்.

கடைசியாக, மாத்திரை போடும் விதம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு, பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். முக்கியமாகக் காபி வேண்டாம். மாத்திரையைப் போட்ட கையோடு காபி குடித்தால் மருந்து குடலில் சரியாக ஏறாது. கால்சியத்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. நீங்கள் கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இது ஒத்துவராவிட்டால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்வதுதான் முக்கியம். பிராண்டை மாற்றாதீர்கள். மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் எட்டு வாரத்தில் மறுபடி டிஎஸ்எச். பாட்டிலை அடுப்படி அலமாரியிலும் ஃப்ரிட்ஜ் தலைமேலும் வைக்காதீர்கள், வெப்பத்திலும் ஈரத்திலும் தைராக்ஸின் வீரியம் இழக்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றிக் கவலை வேண்டாம். அயோடின் கலந்த உப்பையும் ஒதுக்க வேண்டாம். இன்னொருமுறை ரேடியோ அயோடின் கொடுக்க நேர்ந்தால் மட்டும், அதற்கு முந்தைய ஓரிரு வாரம் விடச் சொல்வார்கள்.

அடுத்தமுறை போகும்போது இருவருமே மருந்துச் சீட்டில் மாத்திரை அளவுக்குப் பக்கத்தில் ‘டிஎஸ்எச் இலக்கு’ என்று ஒரு எண்ணை எழுதி வாங்குங்கள். லேப் சிவப்பில் அச்சிடுவது சராசரி மனிதருக்கான எல்லையை வைத்துத்தான்.